ஐயாசாமியின் இடது ஷூ

தம்பிதுரையின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை சிங்காநல்லூரில் என் இரும்புக் கடைக்கு அடுத்த ஷட்டர். எரிந்துபோன தோட்டத்து மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றி ஓடவைத்துக் கொடுத்துவிடுவான். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தே செய்கிற வேலை. நல்ல மனுசன், ஆனால் மகா கஞ்சன். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டான். "சிக்கனமுங்ண்ணா" என்று திருத்துவான்.

அந்தச் சிக்கனம்தான் இவ்வளவுக்கும் காரணம்.

அவனுடைய அண்ணன் ஐயாசாமி போன ஆடியில் செத்துப்போனார். சர்க்கரை. இடது பாதத்தில் ஒரு புண் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சாக்ஸில் வாடை அடித்த பிறகுதான் பார்த்தார்கள். விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போனது. அப்புறம் ஆளும் போய்விட்டார். கட்டு மாற்றும்போதெல்லாம் தம்பிதுரைதான் பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

செத்தவர் துணிமணியையும் செருப்பையும் இவர்கள் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கருமாதி முடிந்ததும் எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். கழிக்கப்போன மூட்டையிலிருந்து தம்பிதுரை ஒரு ஜோடி ஷூவை மட்டும் உருவி, வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அண்ணிக்குத் தெரியாது. "நல்ல கம்பெனி ஷூங்ண்ணா. வாங்கிக் கொஞ்ச நாள்லயே அவருக்குப் புண்ணு வந்துபோச்சு. வீசறதுக்கு மனசு வருலீங்" என்றான் என்னிடம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கார்த்திகையில் அவனுக்கே ஒரு மயக்கம் வந்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். தினமும் வேகமா நடங்க, சாப்பிட்டவுடனே உட்காராதீங்க. தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதுவே இழுத்துக்கும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்." தம்பிதுரை வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கண்ணன் காலத்தான் நினைச்சுக்கிட்டனுங்க" என்றான்.

அப்படித்தான் நாங்கள் குளக்கரையில் நடக்க ஆரம்பித்தோம். நான் சர்க்கரையோடு குடும்பம் நடத்தி ரொம்பக் காலம் ஆகிறது. மாத்திரையும் போடுவேன், மைசூர்பாகும் தின்பேன். வீட்டில் திட்டு வாங்காமல் இருக்கவும், அவனுக்குத் துணையாகவும் போனேன். சிக்கனக்காரன் லாஃப்டிலிருந்து அண்ணன் ஷூவை இறக்கி, தடிமனான சாக்ஸ் மேல் மாட்டிக்கொண்டு வந்தான்.

மார்கழிப் பனி கரையை மூடிக் கிடக்கும். மூடிப்போன மில் ஒன்றின் நீளச் சுவர் ஒரு பக்கம், தண்ணீர் மறு பக்கம். ஒருநாள் அந்தச் சுவரோரம் தம்பிதுரை சட்டென்று நின்றான்.

"நரசிம்மண்ணா, பின்னால யாரோ வாராங்க."

திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

"நடந்தா கேக்குது, நின்னா நின்னுபோகுது. ஒரு காலு ஊனி வெக்கறாங்க, ஒரு காலை இழுக்கறாங்க. கேளுங்."

நடந்தோம். டப்... சர்க். டப்... சர்க். எனக்கும் கேட்டது. பிடரி மயிர் நட்டுக்கொண்டது. "உன்ற ஷூச் சத்தந்தான் செவுத்துல பட்டுத் திரும்புதுப்பா" என்றேன். சொல்லிவிட்டு நானும் கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன்.

சத்தத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவர் முடிகிற இடத்தில் ஒரு மதகு. அங்கே பாதை சரிவாக இறங்கும். ஐயாசாமி நடந்த காலத்தில் இளைப்பாற உட்காரும் கல் அங்கேதான் கிடக்கிறது. அந்தச் சரிவில் இறங்கும்போது தம்பிதுரை "ஆ" என்று காலை உதறினான். அடுத்த நாளும் அதே இடத்தில் உதறினான். சமதளத்தில் ஒன்றும் இல்லை, வேறெங்கும் இல்லை. மதகுச் சரிவில் மட்டும், இடது காலில் மட்டும்.

"கடிக்கற மாதிரி இருக்குதுங்ண்ணா."

வீட்டில் போய்ப் பார்த்தால் பாதத்தின் முன்பக்கம் பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு. ஐயாசாமிக்குப் புண் வந்த அதே இடம். தம்பிதுரையின் மனைவி சென்னியம்மாள் ஒரு கோயிலில் மந்திரித்துக் கயிறு வாங்கிவந்து கணுக்காலில் கட்டினாள். "மச்சாண்டாருக்குக் காலு இல்லாமப் போச்சல்லங்க, அதான் இவருதக் கேக்கறாரு" என்று என்னிடம் சொல்லி அழுதாள். கயிறு கட்டிய பிறகும் மதகு விடவில்லை.

தம்பிதுரை நடப்பதை நிறுத்திவிட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். அடுத்த பரிசோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "நடந்தா அண்ணன் காலைக் கேக்கறாரு. நடக்காட்டி சர்க்கரை கேக்குது. என்ற கால நான் எங்கீங் கொண்டுபோய் ஒளிச்சு வெக்கறது?" என்று கேட்டான். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது. ஐயாசாமி உயிரோடு இருந்தவரை தம்பியை ஒரு வார்த்தை கடிந்து பேசியவர் இல்லை. செத்த பிறகு வந்து காலைக் கடிப்பாராமா?

மறுநாள் விடியலில் அவனை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனேன். மதகுக்கு வந்ததும், "கழட்டு ஷூவ" என்றேன். என் செருப்பை அவனிடம் கொடுத்துவிட்டு, சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலில் அதை மாட்டினேன். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டுச் சரிவில் இறங்கினேன். ஏறினேன். மறுபடி தங்கு தங்கென்று மிதித்து இறங்கினேன். என் உடம்பு எடைக்கு மதகே அதிர்ந்திருக்கும்.

"எங்கப்பா கடிக்குது? ஒண்ணுமே இல்ல பாரு."

தம்பிதுரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப அவருக்கு என்ற காலுதான் வேணுமாட்ட இருக்குதுங்" என்றான் மெதுவாக. எனக்கு வந்த கோபத்தில் ஷூவைக் கழற்றி அவன் கையில் திணித்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கே காப்பி குடிக்கப் போனேன்.

வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பிதுரை ஷூவைப் படியில் வைத்துவிட்டு வந்தான். காப்பி கொண்டுவந்த சென்னியம்மாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். டம்ளர் கீழே விழுந்தது.

வெள்ளை டைல்ஸில் ரத்தம். வாசலிலிருந்து உள்ளே வரை, ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு, சின்னச் சின்னச் சிவப்பு. எல்லாம் ஒரே கால். இடது கால்.

"வந்துபோட்டாருங்க" என்றாள் சென்னியம்மாள். தம்பிதுரை சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்கும் அந்த நிமிடம் தைரியம் எல்லாம் போய்விட்டது. வெட்டி எடுத்த கால் வீடு தேடி வந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஐயாசாமியின் மனைவி பழனியாத்தாள். உடுமலையில் மகள் வீட்டில் இருக்கிறவர். கொழுந்தனாருக்காகக் குலதெய்வம் கோயிலுக்குப் போகலாம் என்று சென்னியம்மாள் போனில் அழைத்திருந்ததால் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. படியில் இருந்த ஷூவைத்தான் பார்த்தார்.

"இது இங்க எப்படீங் வந்துச்சு?"

அவர் குனிந்து இடது ஷூவை எடுத்தார். குழந்தையைத் தடவுவது போலத் தடவிவிட்டு உள்ளே கையை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது.

ஷூவைத் திருப்பினோம். அடியில் ஒரு ஆணித் தலை, சோலுக்குள் அமிழ்ந்து, மண் மூடி. மரப்பெட்டி அடிக்கிற ஆணி. முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. கால் முன்னால் சரிகிற இறக்கத்தில்தான் அது பாதத்தைத் தொடும். தம்பிதுரை கொறடு வைத்துப் பிடுங்கினான். ஈரச் சிவப்புக்கு அடியில் அதைச் சுற்றி ஒட்டியிருந்த கறை பழையது. கறுத்துப்போன கறை.

"இதும் மேலயேதான் நடந்திருக்காரு. தெரியவே இல்லீங்களே அவருக்கு" என்றார் பழனியாத்தாள். பிறகு கொழுந்தனாரின் தோளைப் பிடித்தார். "உங்குளுக்கு வலிச்சுதுங்களா?"

"வலிச்சுதுங் நங்கையா. நல்லா வலிச்சுதுங்" என்றான் அண்ணியிடம்.

"அப்பாடா" என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் டைல்ஸைப் பார்த்தார். சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் நாற்காலிக்கு அடியில் பார்வையை நிறுத்தினார்.

"ஏனுங்," என்றார், "உங்குளுக்கு வலிக்கிலீங்களா?"

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

அன்றைக்கே ஊசி போட்டு, கழுவிக் கட்டிவிட்டார்கள். நேரத்தோடு வந்ததால் கால் தப்பியது என்றார்கள். தம்பிதுரை புது ஷூ வாங்கினான், விலையைக் கூடப் பார்க்காமல். அடுத்த பரிசோதனையில் அவன் சர்க்கரை வாசற்படியிலிருந்து இறங்கிப் போயிருந்தது. இப்போதும் தினமும் நடக்கிறான். நான் ஐயாசாமியின் கல்லில் உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

தினமும் என் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். என் வீட்டாரிடம் சொல்லாமல் அதைத் தம்பிதுரை தன் வேலையாக எடுத்துக்கொண்டான். நடந்து முடித்துவந்து, மெல்லிய தாமிரக் கம்பி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என் முன்னால் குத்தவைத்து உட்காருவான். இன்று காலையும் உட்கார்ந்தான்.

"கண்ண மூடிக்கங்ண்ணா. தெரியுதுங்களா?"

"தெரியுது. சுண்டு விரலுக்குக் கீழ."

மதகில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தேன். கம்பி இன்னும் அவன் மடியில் இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லீங்ண்ணா" என்றான்.