நான் வைக்காத கல்

உருண்டுகொண்டிருந்த வேனுக்குள் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, நான் மட்டும் வெளியே குதித்தேன்.

இதுதான் என் குற்றம். இதற்குமேல் சொல்வதெல்லாம் விளக்கம். விளக்கம் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் ஊர் ஹாலிஎலயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகையால் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே வாசியுங்கள்.

வேன் என் மச்சான் ரவியுடையது. மனைவி சரோஜாவின் தம்பி. எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரர்கள் வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்கி ஊர் சுற்றுவதைப் பார்த்தவன், கொழும்பில் ஒரு பழைய வேனை வாங்கிப் பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்தான். பலகைக் கட்டில் இரண்டு, காஸ் அடுப்பு ஒன்று, கூரையில் தண்ணீர்த் தாங்கி. சித்திரை விடுமுறைக்கு அதிலே வந்து இறங்கி, மலையெல்லாம் சுற்றுவோம் வாங்க என்றான். நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள். அதைவிடச் சின்ன வீட்டுக்குச் சக்கரம் பூட்டி வந்தால் வேண்டாம் என்போமா!

முன் இடது இருக்கை எனக்கு. காரணம் உண்டு. இளவயதில் இரண்டு வருடம் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவன் நான். ஏற்றத்தில் லொறி நின்றால், கட்டையோடு குதித்துப் பின்சக்கரம் உருளாமல் அடை கொடுக்க வேண்டும். கட்டை இல்லையென்றால் கல். லொறி கிளம்பியதும் அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து தொற்ற வேண்டும். நடுரோட்டில் கல்லை விட்டுப்போகிறவன் மனிதனே இல்லை என்பார் எங்கள் டிரைவர். அப்படிப்பட்ட சோம்பேறிகளை நானும் ஆயுள் முழுக்கத் திட்டியே வந்திருக்கிறேன்.

ஆகவே, ரவி ஒரு மரக்கட்டையை என் காலடியில் வைத்தான். சரோஜா தேங்காய் ரொட்டிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். இரண்டு பொறுப்புகள்!

பசறை தாண்டி, லுணுகலைக்கு முன்னால் ஒரு வளைவு. ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் இருமியது, நின்றது. ரவி பிரேக்கை மிதித்தான். கைபிரேக்கையும் இழுத்தான். இரண்டும் பிடிக்கவில்லை. வேன் பின்னோக்கி நகர்ந்தது... முதலில் யோசித்து யோசித்து, பிறகு தீர்மானமாக.

"மச்சான், கட்டை!" என்றான் ரவி.

குதித்தேன். அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. வடிகானைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் ஏறி நின்ற பிறகுதான் கையைப் பார்த்தேன். கட்டை இல்லை. ரொட்டிப் பொட்டலம் இருந்தது.

கட்டையை மறந்துவிட்டேனா? அப்படித்தான் பல நாள் என்னை நானே ஏமாற்றினேன். இல்லை. கட்டை என் பாதத்தில் இடித்தது. குனிந்தால் நேரமாகும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பின்னாலிருந்து மகள் துர்கா "அப்பா" என்றதும் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் குதித்தேன்...

வேன் பள்ளத்துப் பக்கமாகப் பின்வாங்கியது. பிறகு ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. பின்சக்கரத்தடியில் ஒரு கல்! முன்னே போன ஏதோ லொறிக்கு அடை கொடுத்த எவனோ ஒரு கிளீனர், எடுத்துப் போடாமல் விட்டுப்போன கல். நான் திட்டித் தீர்த்த அந்தச் சோம்பேறிதான் என் குடும்பத்தைக் காப்பாற்றினான்.

அவர்கள் இறங்குவதற்குள் நான் ஓடிவந்து கல்லருகில் நின்றேன். ரவி வண்டிக்குள் கிடந்த கட்டையையும் வெளியே கிடந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். அவசரத்தில் கட்டையை விட்டுவிட்டுக் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறாரே மனிதர் என்று அவனே கதையைக் கட்டி முடித்தான். துர்கா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் செய்ததெல்லாம் வாயை மூடியதுதான். வாழ்நாளில் முதல் தடவையாக!

கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் போட்டேனா? இல்லை. தொடவே கூச்சமாக இருந்தது.

மூடிய வாய் பிறகு திறந்தது. சலூனில் சொன்னேன். திருவிழாவில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் வளர்ந்தது. கார்த்திகைக்குள் அதை மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

மார்கழியில் ரவி மறுபடியும் வேனோடு வந்தான். சித்திரையில் பின்கட்டிலை விட்டு அசையாத துர்கா, இம்முறை கதவோரம்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தாள்.

"அப்பா இருக்காருல்ல. எனக்கென்ன பயம்?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் உயிரை என் பொய்யின்மேல் சாய்த்து வைத்திருக்கிறாள்! இனிச் சிரிப்புக் காட்டித் தப்ப முடியாது. வேன் கிளம்புமுன் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

காலைத் தேத்தண்ணியோடு சொன்னேன். குதித்தது, கட்டையை விட்டது, கல் எவனோ வைத்தது, எல்லாம். தேத்தண்ணி மூக்கில் ஏறும்வரை ரவி சிரித்தான். துர்காவும் சிரித்தாள். முகத்தை இறுக்கிக்கொண்டு இரண்டாம் முறை சொன்னேன். இன்னும் அதிகம் சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வருடம் கோமாளித்தனம் பண்ணியவன் உண்மை சொன்னால் எவன் நம்புவான்? மூன்றாம் முறையும் சொன்னேன். அவர்கள் சிரிப்பை விடுவதாக இல்லை.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை.

"கல்ல பொரட்டுனவரு கையில மண்ணு இல்லீங்களே," என்றாள். "ரொட்டிதான் இருந்துச்சு. அன்னைக்கே தெரியும்."

சிரிப்பு நின்றது. துர்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

எட்டு மாதமாகச் சரோஜா தெரிந்து வைத்திருந்தாள்! வீட்டிலும் திருவிழாவிலும் நான் கல்லை வளர்த்தபோதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்... ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பிள்ளை உங்களை நம்பிக்கொண்டிருந்தாள் என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்ற சொல் அதற்குள் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சரோஜா முன்னிருக்கையில் ஏறி, கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால், துர்காவுக்குப் பக்கத்தில். சரோஜா திரும்பி ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தாங்க. இத மட்டும் நீங்க விடமாட்டீங்க."

லுணுகலை வளைவு வரைக்கும் அது மடியில் சூடாக இருந்தது. அந்த இடம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் கல் இல்லை. ஒழுங்கான கிளீனர் ஒருவன் எடுத்து ஓரத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஏற்றத்தில் எஞ்சின் முனகியது. துர்கா கையை நீட்டினாள். பிடித்தது என் கையை அல்ல, கட்டில் சட்டத்தை.