கௌதமி அடித்துத் திருத்திய வரி

செவ்வாய்க்கிழமை காலை பங்காருபேட்டையில் ரயிலுக்கு நின்றிருந்தபோது கௌதமியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிடிச்சுங்க. மாரடைப்பு." ரயில் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அதே ரயிலில்தான் நானும் கௌதமியும் பல வருஷமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தோம்.

அவளை அறிந்த எல்லோருக்கும் தெரியும், கௌதமி ஓரிடத்தில் உட்கார மாட்டாள். மருந்தில் துளியளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து கொடுத்து, உடம்புக்குள் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று காமா கேமராவில் படம் பிடிப்பது எங்கள் வேலை. படம் வரும்வரை அவள் திரைக்கும் கதவுக்கும் நடப்பாள். "மருந்து எங்க நிக்குதுன்னு படம் சொல்லும். ஏன் நிக்குதுன்னு நாமதான் கேக்கணும்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த மருந்து ஆய்வுக்கு, தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து மாணிக்கம் ஐயா வந்தார். சுரங்கத்து வேலையில் நுரையீரல் கெட்டவர். வாயால் உறிஞ்சும் பொடி மருந்தைக் கொடுத்துப் படம் எடுத்தோம். மருந்தெல்லாம் தொண்டையிலும் வயிற்றிலும் கிடந்தது, நுரையீரல் இருட்டாகவே இருந்தது. மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் இதே கதி. கோபத்தில் குறிப்பேட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரி போதும், ஆய்விலிருந்து அவரை நீக்கிவிடுவார்கள், சிகிச்சையும் நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கௌதமி என்னை அவர் வீட்டுக்கு இழுத்துப் போனாள். எங்கள் முன்னால் மருந்தை உறிஞ்சிக் காட்டச் சொன்னாள். பொடி நாக்கில் பட்டதும் அவர் மூச்சை உள்ளே இழுக்காமல் நிறுத்திவிட்டார்.

"இன்னாங்க, ஏன் மூச்ச அடக்குறீங்க?" என்று கேட்டாள் கௌதமி.

"தூசிம்மா அது. வெடி வச்சப்புறம் தூசி வந்தா மூச்ச அடக்கிக்கினு நிப்போம். இத்தினி வருஷப் பழக்கம், இழுக்கணும்னு நெனச்சாலும் நெஞ்சு கேக்க மாட்டேங்குது."

என் அப்பாவும் அதே சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கியவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

மருத்துவர்களிடம் விடாமல் பேசி, முகமூடி வழியாக ஈரப் புகையாக வரும் மருந்துக்கு மாற்ற வைத்தாள் கௌதமி. அடுத்த படத்தில் இரண்டு நுரையீரலும் வெளிச்சமாகத் தெரிந்தன. "இன்னாம்மா, எந்த லெவல் வரைக்கும் எறங்குச்சு?" என்று சுரங்கத்து ஆழத்தைக் கேட்பதுபோல் கேட்டார் மாணிக்கம் ஐயா. "கடைசி லெவல் வரைக்கும்" என்றாள்.

கௌதமியின் இறுதிச் சடங்கில், மயானத்தில் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்தபோது, யார் கையையும் பிடிக்காமல் மேடேறி வந்தார் மாணிக்கம் ஐயா. "அந்தப் பொண்ணு இல்லாங்காட்டி என்னை அன்னிக்கே தள்ளியிருப்பாங்க" என்று என்னிடமே சொன்னார். தள்ளப் பார்த்தவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல் என் பையில் இருக்கிறது. என் வரியைச் சிவப்பு மையால் அடித்து, கீழே கௌதமி எழுதியிருக்கிறாள்: 'நாங்கள் கேட்கவில்லை.' கேட்காதவள் நான் ஒருத்திதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்கெலட்டனுக்கு எடுத்துப் போய் மாணிக்கம் ஐயாவிடம் காட்டப் போகிறேன்.