நீலம் மட்டும் பாக்கி

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் தங்கை வீட்டில் நடந்தது. சொன்னவர் அவள் கணவர். எங்கள் மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் நல்ல சம்பளத்தில் இருந்திருப்பார்.

வீட்டுச் சாதனங்களைச் சோதித்துப் பார்த்து ஓர் இணையதளத்தில் எழுதுவது அவர் வேலை. எதையும் நேரம் பார்த்தே செய்வார். தங்கை டீ போடுவதைக்கூட ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். குடும்பத்தில் அவருக்குப் பெயரே ‘ஸ்டாப்வாட்ச்’தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோதித்தது ஒரு சின்ன போட்டோ பிரிண்டர். மை கிடையாது, சாயம் பூசிய ரிப்பன். தாள் நாலு முறை உள்ளே போய் வெளியே வரும். முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, அடுத்து நீலம். கடைசியாக, நிறம் அழியாமலிருக்க ஒரு பளபளப்புப் பூச்சு. ரிப்பனில் எந்த இடத்துச் சாயம் தாளுக்குப் போகிறதோ அந்த இடம் படத்தின் உருவத்திலேயே வெளுத்துவிடும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிரிண்டர் வந்தாலும் அவர் அச்சிடுவது ஒரே படம். ஆறு வயது மகள் சோபாவின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் படம். கறுப்பு முடி, சிவப்புச் சட்டை, வெள்ளைச் சுவர். தரம் பார்க்க அதைவிடத் தோதான படம் இல்லை என்பார். அதெல்லாம் சாக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அவருக்கு உயிரே அவள்தான்.

தங்கை கடைக்குப் போயிருந்தாள். மகள் ஹாலில் அதே சோபாவில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். முதல் பிரதிக்கு ஐம்பத்திரண்டு நொடி ஆனது. இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவதுக்கு அறுபத்தைந்து. என்ன படமானாலும் இந்த வகை பிரிண்டர் ஒரே நேரம்தான் எடுக்கும். கூடுதலாகப் பதின்மூன்று நொடி... தாள் ஒருமுறை உள்ளே போய்வரும் நேரம்.

பிரதியில் குறையே இல்லை. ரிப்பன் எங்காவது சிக்கியிருக்கும் என்று அதைக் கூட்டோடு வெளியே உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மூன்று பிரதிக்கு மூன்று மஞ்சள் பகுதிகள்தான் வெளுத்திருக்க வேண்டும். நாலு வெளுத்திருந்தன. நாலாவதில் மகள் இல்லை. யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி... யார் தோளையோ பிடித்திருப்பதுபோல.

பிரிண்டருக்குள் இருந்த தாளை இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாள். சாயம் ரிப்பனை விட்டுப் போயிருக்கிறது. தாளுக்கு வரவில்லை. அப்படியென்றால்... எங்கே போயிற்று?

ஹாலிலிருந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா, இந்த மாமா ஏன் மஞ்சளா இருக்காரு?”

ரிப்பனும் கையுமாக ஓடினார். சோபாவில் மகள் மட்டும்தான் இருந்தாள். ஆனால் பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது.

“யாரும்மா?”

“இங்கதாம்பா. தோள்ல கை வச்சிருக்காரு. சில்லுனு இருக்கு.”

கிர்ர்ர்...

சத்தம் பிரிண்டரிலிருந்து வரவில்லை. அவர் கையிலிருந்து வந்தது. ரிப்பன் தானாகச் சுற்றியது. சிவப்புப் பகுதி வந்து நின்றது. அவர் பார்க்கப் பார்க்க வெளுத்தது. தலை... தோள்... நீட்டிய கை...

“அப்பா, இப்போ ஆரஞ்சு ஆயிட்டாரு.”

கிர்ர்ர்...

நீலம் எட்டிப் பார்த்தது.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்து ரிப்பனை அறுத்தார்.

சத்தம் நின்றது.

“அப்பா... அவரு உன்னையே பாக்குறாரு.”

பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். தங்கை வரும்வரை வீட்டுப் படி ஏறவில்லை. அன்று குளிக்க வைக்கும்போதுதான் தங்கை பார்த்தாள். மகளின் தோளில் நாலு விரல் தடம், ஆரஞ்சு நிறத்தில். சோப்புக்கும் போகவில்லை, ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை. தோல் டாக்டர் தானாகப் போய்விடும் என்றார்.

பிரிண்டரை மறுநாளே திருப்பி அனுப்பினார். அதைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி: ‘குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.’ இணையதள ஆசிரியர் அந்த வரியை நீக்கிவிட்டார்.

அதிலிருந்து மகளின் படத்தை எங்கேயும் அச்சிட அவர் விடவில்லை. “மஞ்சளும் சிவப்பும் அவனுக்குக் கிடைச்சிடுச்சு. நீலம் மட்டும்தான் பாக்கி” என்று என்னிடம் சொன்னார். தங்கைக்கோ எரிச்சல். “படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?” என்று என்னிடமே புலம்புவாள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தார். அவர் வந்தால் விடமாட்டார் என்று தங்கை மகளைப் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

“அண்ணா, போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்த மெஷின்ல தாள் அஞ்சு தடவை உள்ள போய் வந்துச்சு, பாப்பா எண்ணிட்டே இருந்தா. ஒண்ணும் ஆகலையே! தோள்ல இருந்த கறைகூட சுத்தமா போயிடுச்சு.”

அவள் சிரித்தாள்.

“கடைக்காரர்தான் ஒரு மாதிரி ஆளு. நானும் பாப்பாவும் மட்டும்தான் போனோம். கிளம்புறப்ப கேக்குறாரு... ‘பாப்பா கையைப் பிடிச்சுட்டு நிக்கிறாரே, அந்த சாருக்கும் ஒரு போட்டோ எடுத்துடலாமா?’ன்னு.”