இரண்டு வால் கன்று

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பாம்புப் புற்றுக்குள் கையை விட்டு அடி வாங்கியவள். ஆனால் எங்கள் மாட்டுக் கட்டுத்தரையில் செத்த கன்று எழுந்து நடந்ததைப் பார்த்த அன்று, ஓடிப்போய்க் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் என்கிறேனே தவிர, அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாந்திபேதியில் என்னைப் பெற்றவர்கள் போனார்கள். அதே நோய்க்கு ஒரே மகளைக் கொடுத்துவிட்ட ராசிபுரத்துப் பக்கத்துக் குடியானவர் என்னைத் தூக்கி வந்தார். அவரை அப்பா என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன்.

கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்து எருமைக்கு முன் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொண்டே எருமை பால் சுரக்கும். எங்கள் எருமையின் கன்று செத்த அன்று, பக்கத்துக்காரர் காட்டில் தாயைப் பாம்புக்குக் கொடுத்த கன்று ஒன்று பாலுக்குக் கத்திக்கொண்டு கிடந்தது. வைக்கோல் எதற்கு என்று அப்பா, செத்ததன் தோலை அதன்மேல் போர்த்திக் கயிற்றால் கட்டி, அந்தத் தோலுக்குள் உயிரையே திணித்துவிட்டார். இரண்டு வால், நான்கு காது. மேலே இருந்த இரண்டு காதுகள் மட்டும் அசையவே இல்லை. எருமை மோந்து பார்த்துவிட்டு மடி கொடுத்தது.

"எட்டு நாளைக்குத் தோலத் தொட்றாத சாமி. தன்னோடது இல்லீன்னு தெரிஞ்சா ஒதைச்சே கொன்னுபோடும்," என்றார் அப்பா.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் நான் மட்டும் இருந்தேன். தோல் காய்ந்து விறைத்து, கட்டிய கயிறு கன்றின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தள்ளிவிட்டது. விட்டாலும் சாகும், அவிழ்த்தாலும் சாகும். அழுதுகொண்டே அவிழ்த்தேன்.

தோல் தொப்பென்று விழுந்தது. எருமை திரும்பி அதை மோந்தது. அப்புறம் கன்றைப் பார்த்தது. ஐயோ, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உதை விழவில்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல் கேட்டது. கன்று ஈன்ற அன்று கேட்ட அதே குரல். கண்ணைத் திறந்தால், கயிறு அறுத்த கழுத்தை எருமை நக்கிக்கொண்டிருந்தது. நக்கும்போதும் அதன் கண் கீழே கிடந்த தோலை விட்டு நகரவில்லை.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியாது.

"கழட்டிப்போட்டேனுங்கம்மா."

"அதுக்கு மொதல்லயே தெரியுஞ் சாமி," என்றாள். "தெரிஞ்சுதான் குடுத்திருக்குது."

அன்று சாயங்காலம் எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் வந்த நாள் முதல் செத்துப்போன மகளின் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டு வந்தாள். நானும் போனால் போகிறதென்று அந்தப் பேருக்கே ஓடி வந்துகொண்டிருந்தேன். அன்றுதான், "உன்னையப் பெத்தவங்க உனக்கு என்ன பேரு வெச்சாங்க சாமி?" என்று கேட்டாள்.

சொன்னேன். வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சீப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

பேர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "பழைய பேரே இருக்கட்டுங்கம்மா, எனக்கொண்ணும் இல்லீங்க," என்றேன்.