கோதண்டம் வண்டியின் கதவு

நயினாருக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பாடி ஷாப்பில் வெல்டராக இருந்தவன். அம்மாவை இழுத்துத் திட்டினான் என்று சூப்பர்வைசரின் மூக்கை உடைத்தான். ஷிஃப்ட் முடியட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை, லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைத்தான். வேலை போனது. போனால் போகட்டும் என்று மண்ணூர் ரோட்டில் ஒரு தகர ஷெட்டைப் பிடித்து டிங்கர் பட்டறை போட்டான்.

பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடிக்கிற மைக்கேல்ராஜ் நான். அவன் தட்டி நிமிர்த்துவதை நான் பூசி மெழுகுவேன். அவன் ஊர் சங்கரன்கோவில் பக்கம், வாடகைக்கு இருப்பது படப்பையில். ஷேர் ஆட்டோக்காரனை அடித்திருக்கிறான், டீ மாஸ்டரை அடித்திருக்கிறான், பிரைமர் காய்வதற்குள் ஏன் தொட்டாய் என்று நான் கத்தியதற்கு என்னையே ஒருமுறை அடித்திருக்கிறான். மறுநாள் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்து நின்றான். ரோஷம் பார்த்தால் இவனோடு தொழில் பண்ண முடியாது. முத்துச்செல்வியிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்வான். அவள் அவன் பெண்டாட்டி.

பழைய கார்களைப் புதுசாக்குகிற வேலைக்கு இங்கே இப்போது நல்ல கிராக்கி. அதில் நயினார் ஆரம்பத்திலேயே மண்ணைக் கவ்வினான். கம்பெனியில் வருகிற தகடு சொன்னபடி உட்காரும். ரோபோ பிடிக்கும், ஒட்டும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். அடிபட்ட தகடு என்றால் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டு ஸ்கிராப்பில் எறிந்துவிடுவார்கள். அந்தப் புத்தியிலேயே, துருப்பிடித்த மட்கார்டு ஒன்றை வெட்டி எடுத்து அன்றைக்கே ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்டுப் புதுசை வைத்துப் பார்த்தான். உட்காரவே இல்லை. பழைய கார்களுக்கென்று இப்போது அச்சு எடுத்து அடித்து அனுப்புகிற தகடுகள் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வைத்தால் பங்காளிச் சண்டை போடும். எங்கே எவ்வளவு வளைவு என்று பார்க்கப் பழையது கையில் இல்லை. கார்க்காரன் வாசலில் நின்று காறித் துப்பினான். அதிலிருந்து, புதுசு கச்சிதமாக உட்காரும்வரை பழையதை யாரையும் தொடவிடமாட்டான்.

சந்திரலேகா பியட் காரைக் கொண்டுவந்தது அதற்கப்புறம்தான். அவள் புருஷன் கோதண்டம் கம்பெனிகளில் ஸ்கிராப் காண்ட்ராக்ட் எடுத்தவர். அதே காண்ட்ராக்டுக்காகப் படப்பை ரோட்டில் வண்டியை மறித்து அவரை வெட்டிக் கொன்றார்கள். கோர்ட்டிலிருந்து வண்டி இப்போதுதான் திரும்பி வந்திருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு முழுக்க வரிவரியாகக் கத்தி வெட்டு. கோதண்டம் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறார். கதவை வெட்டித்தான் ஆளை வெட்டியிருக்கிறார்கள்.

"அவரு ஆசையா வெச்சினு இருந்த வண்டிப்பா, விக்க மனசு வரல," என்றாள் சந்திரலேகா. "ஆனா அந்தக் கதவப் பாத்தாலே எம்புள்ளைக்குக் கண்ணு செவந்துடுது. அத்த எட்த்துட்டு வேற மாட்டு. எட்த்தவொடனே நசுக்கிடு. எனக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம்."

"செஞ்சிருதேன்க்கா," என்றான் நயினார்.

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். புதுக் கதவு வடக்கேயிருந்து வந்தது. வழக்கம்போல உட்காரவில்லை. மேலே மூடினால் கீழ் மூலை வெளியே பிதுங்கியது. மட்கார்டில் ஓடுகிற கோடு கதவுக்கு வந்ததும் ஒரு விரல் கீழே இறங்கியது. பழைய கதவைப் பக்கத்தில் வைத்து வைத்து அளந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை அடித்தான். சந்திரலேகா போன் பண்ணிக்கொண்டே இருந்தாள், நசுக்கியாச்சா என்று.

"புதுசு உக்காரட்டும்க்கா. அத வச்சுத்தான் அளவு பாக்கேன்."

முதல் நாளே நசுக்கியிருந்தால் இதையெல்லாம் சொல்ல வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை.

மகன் யுவராஜுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கூட்டாளி ஒருவனோடு பைக்கில் வந்து இறங்கினான். இருபது வயசுதான் இருக்கும், முகத்தில் குழந்தைத்தனம்கூட இன்னும் போகவில்லை. சுவரில் இருந்த கதவைப் பார்த்ததும் அதன் மேல் கையை வைத்து ஒவ்வொரு வெட்டாகத் தடவினான். பிறகு தூக்கப் போனான்.

"எங்கலே தூக்குத?" என்றான் நயினார்.

"எங்கப்பா கதவு. வூட்ல மாட்டப் போறேன். வெட்னவன் ஜாமீன்ல வந்து ஜாலியா டீ குட்ச்சினு கீறான். அவனப் போட்டுட்டுத்தான் இத்த எறக்குவேன்."

"உங்கம்மா தந்தது. அவுக வந்து கேட்டாத் தாரேன். போலே."

பக்கத்தில் கிடந்த இரும்புப் பைப்பை எடுத்து யுவராஜ் ஒரே அடி. நயினாரின் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவ்வளவுதான், நம்ம ஆளுக்கு வேறென்ன வேண்டும்? பையனின் சட்டையைப் பிடித்துப் பியட்டின் பானெட்டில் மோதினான். வயிற்றில் முழங்காலை ஏற்றினான். கீழே விழுந்தவனை மிதித்தான். கூட்டாளி பைக்கை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டான். நான் ஸ்பிரே கன்னைப் போட்டுவிட்டு ஓடி வந்து நயினாரின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அடி நின்றது. அதோடு விட்டிருந்தால் வழக்கமான சண்டையாகப் போயிருக்கும்.

யுவராஜ் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினான். "நாளைக்கே அவன வெட்றேன் பாரு. இந்தக் கையாலதான் வெட்டுவேன்."

நயினார் அந்தக் கையைப் பார்த்தான். என்னை உதறித் தள்ளிவிட்டு யுவராஜின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். தகடு தட்டுகிற இரும்புக் கட்டையின் மேல் அவன் மணிக்கட்டை இழுத்து வைத்தான். கோபத்தில் செய்கிறவனைப் போல இல்லை, வேலை செய்கிறவனைப் போலவே இருந்தான். சுத்தியை இறக்கினான். ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. யுவராஜ் அம்மா என்று அலறியது ரோடு வரைக்கும் கேட்டது. நயினார்மேல் அப்படி ஒரு அருவருப்பு எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

"அட பாவி, என்னடா பண்ணிட்ட?"

"இனி அருவா பிடிக்க மாட்டாம்லா," என்றான். சொன்னவன் ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

நானும் அவனும்தான் யுவராஜை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஜாக்கி நழுவி வண்டி கைமேல் இறங்கிவிட்டது என்று பையனே டாக்டரிடம் சொன்னான். ஒரு டிங்கர்காரனிடம் அடி வாங்கியது வெளியே தெரிந்தால் அவன் கெத்து என்னாவது?

ஜாக்கி கதை அம்மாவிடம் எடுபடவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு சந்திரலேகா நேரே பட்டறைக்கு வந்தாள். யுவராஜ் கட்டுப் போட்ட கையோடு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றி நயினாரின் முகத்திலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் வந்தது. நயினார் நகரவில்லை, கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கை ஓய்ந்ததும் அவள் பியட்டின் மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று நயினார்தான் கேட்டான்.

"கம்பி வெச்சிக்கீறாரு. சோறு துன்னலாம், எழ்தலாம். கனமா எதுவும் புடிக்க முடியாதாம்."

சொல்லும்போது அவள் முகத்தில் துக்கம் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது. பெற்ற வயிறு அந்த நிம்மதிக்காகக் கூசியதும் தெரிந்தது. திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள். யுவராஜ் இடது கையால் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சுவரில் சாய்ந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரலேகா நயினாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். மகனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலை இறக்கினாள்.

"இன்னொரு கை கீதே நயினாரு," என்று அழுதாள். "அத்த ஏன்யா வுட்ட?"