கோடு விழாத கிண்ணம்

சார், கிண்ணங்களை மாற்றி வைக்கச் சொன்னது நீங்கள். பழியை மட்டும் டீச்சர் தலையில் போட்டீர்கள். என் வீட்டு அலமாரியில் இப்போது இரண்டு மண் கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று முழுசு, நீங்கள் மேடையில் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தது. இன்னொன்று மூன்று துண்டாக உடைந்தது. உடைந்ததுதான் நான் செய்தது.

படிப்பவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். நான் செலியமேட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் சுடுமண் பயிற்சி, ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம், இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் முதல் வாரம் போனேன். பயிற்சியை நடத்தியவர் டவுனிலிருந்து காரில் வரும் ஒருங்கிணைப்பாளர். அவரைத்தான் சார் என்கிறேன். மண்ணைத் தொடவே மாட்டார், போட்டோ மட்டும் எடுப்பார். சொல்லிக் கொடுத்தவர் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண், மண் வேலையே தொழில். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லோரையும் போல நானும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.

வந்தவர்களில் ஆண் நான் ஒருவன். மளிகைக்கடை பாய் வீட்டு அம்மா முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். "இன்னாண்ணா, மோட்டார் காயில் சுத்துற கைக்கு மண்ணு அடங்குமா?" டீச்சர் நிமிராமலே சொன்னார்: "அடங்கும்க்கா. கிரீஸை மட்டும் கழுவிட்டு வரச் சொல்லு." கூடமே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

டீச்சர் பிசைந்த மண்ணைக் கம்பியால் இரண்டாக அறுத்துக் காட்டுவார். உள்ளே சின்னச் சின்னப் பொத்தல் இருக்கும். "இந்தக் காத்து உள்ளயே நின்னுச்சின்னா சூளையில வெடிச்சிடும். வெடிச்சா அழாதீங்க. துண்டு எல்லாத்தையும் பொறுக்கி உங்க கையில குடுப்பேன். எங்க தப்பு பண்ணோம்னு அதுலதான் தெரியும்." முதலில் செய்தது உடைந்தாலும் செய்தவர் கைக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான். எரிந்துபோன காயிலை மோட்டார்க்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதுசு சுற்றுவேன். கொடுக்காத மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

என் வலது கட்டைவிரல் ஒருமுறை மோட்டார் பெல்ட்டில் மாட்டி, பிளந்து, தையல் போட்டது. தழும்பு பள்ளமாக இருக்கும். ஈர மண்ணில் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு மேலே எழும்பி நிற்கும். உருண்டையின் நடுவில் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றி அழுத்தித்தான் கிண்ணம் செய்தோம் என்பதால் என் கிண்ணத்தின் உள்பக்கம் முழுக்க அந்தக் கோடுதான். மற்றவர்கள் அடியில் ஆணியால் பெயர் கீறினார்கள். டீச்சர் என்னுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பேரு எதுக்குண்ணா? இந்தக் கோடே போதும்" என்றார்.

கடைசிச் சனிக்கிழமை மதியம் விழா. மேடை, மைக், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து இரண்டு பேர். எல்லோர் கையிலும் சுட்ட கிண்ணம், ஒன்றுகூட உடையவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. என்னுடையதைப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கோணலிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. உள்ளே தடவினேன். வழவழவென்று இருந்தது, கோடே இல்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன். "இது என்னுது இல்ல. டீச்சர், நீ மாத்திட்ட. எங்களை ஏமாத்துற."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, சாரைப் பார்த்தார். சார் போனைப் பார்த்தார். டீச்சர் மெதுவாக, "ஆமாண்ணா. உடைஞ்சிடுச்சி. வேற செஞ்சி வச்சேன்" என்றார். அவ்வளவுதான். சார் மைக்கைப் பிடித்து, தவறு நடந்துவிட்டது, இனிமேல் இவர் வர மாட்டார் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திருடனைப் பிடித்துவிட்டதாக நினைப்பு.

இரண்டு மாதம் கழித்து வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால் எதிர் வீடு டீச்சருடையது. வாசலில் பூந்தொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, மெக்கானிக்கா வந்தியா, போலீஸா வந்தியா?" என்றார். உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஏழு இருந்தன. ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. பிரித்தேன். மூன்று துண்டு. தடவினேன், கோடு இருந்தது.

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. "அப்புறம் ஏன் மாத்தின?" என்றேன். அவர் போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். சாரின் குரல்தான். "போட்டோவுல எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கணும்மா. உடைஞ்சவங்களுக்கு நீயே செஞ்சி வச்சிடு. கொஞ்சம் கோணலா செய், சந்தேகம் வராது."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அடுத்து பாகூர்ல நடத்தப் போற கிளாஸும் எனக்குத்தான்னு சாரு சொல்லியிருந்தாரு. சொன்னா அது போயிடும்னு வாயை மூடினேன். மூடியும் போயிடுச்சி."

நான் கத்தியதில் உண்மை பாதிதான் இருந்தது. கிண்ணம் மாறியதைக் கண்டுபிடித்தேன், மாற்றச் சொன்னவர் யார் என்று கேட்கவில்லை. மோட்டார் எரிந்தால் ஏன் எரிந்தது என்று வயர் வழியே கடைசிவரை பார்ப்பவன், அன்று முதல் ஜாயிண்ட்டிலேயே நின்றுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை டீச்சர் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். "சொன்னது போதாதுண்ணா. என்கிட்ட மண்ணுல கை வச்சவங்க எல்லாம் என்னைத் திருடின்னு நினைக்கிறாங்க" என்றார். குரல் பதிவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுது" என்றார்.

இப்போது பாகூரில் பயிற்சி தொடங்கப் போகிறதாம். புது ஆள் சொல்லிக் கொடுக்கிறாராம். பழைய டீச்சர் ஏமாற்றியதால் நிறுத்திவிட்டோம் என்று சேர வருகிறவர்களிடம் நீங்களே சொல்கிறீர்களாம், சார். தொடக்க விழாவுக்கு நானும் வருவேன். அலமாரியில் இருக்கும் இரண்டு கிண்ணங்களையும் எடுத்து வந்து உங்கள் மேஜைமேல் வைப்பேன். முழுசாக இருப்பதை உள்ளே தடவிப் பாருங்கள், பிறகு உடைந்ததைத் தடவிப் பாருங்கள். அன்று போலவே மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: மாற்றி வைக்கச் சொன்னது யார்?