மணியம்மா பேசாத இரண்டு மாதம்

மணியம்மா ஆயா வாய் மூடிப் பார்த்ததாக அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டு வரிசையில் பேர் கொடுக்க ஓடும் தாய்மார்கள் இடுப்புப் பிள்ளைகளை அவள் பார்க்கும் பிள்ளைக் கொட்டாயில் இறக்கிவிட்டுப் போவார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுத் திரும்பும்வரை அத்தனையும் அவள் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளைகளும் அங்கேதான் வந்து விழும். ஒருமுறை வெள்ளைக்காரத் துரையிடமே, "தூளிக் கயிறு இத்துப் போச்சு தொரை, ஒங்க புள்ளைய இதுல போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே புதுக் கயிறு வந்து சேர்ந்தது.

அந்த வாய்தான் 1983-இல் இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அதற்காக அவள் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை.

அந்த வருஷம் சிவசாமி ஜெயிலிலிருந்து திரும்பியிருந்தான். முன்பு தோட்டத்தில் மருந்தடித்தவன். கொட்டாய்க்குக் கேட்காமலே விறகு பிளந்து போடுவான், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பான், எல்லாருக்கும் மாமா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், "செல்லாயி மவளக் கூட்டியாரச் சொன்னா" என்று வந்து நின்றான். மணியம்மா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கொழுந்துக்குப் போயிருந்த செல்லாயியின் மகள், ஏழு வயது ஜெயாவின் காலில் ரப்பர் சிலிப்பரை மாட்டி, அவன் கையில் பிடித்துக் கொடுத்தாள். செல்லாயி கூப்பிடவே இல்லை. பிள்ளை சாயங்காலம் சிலிப்பர் இல்லாமல் தனியாக வந்தது. அப்புறம் பல மாதம் யாரிடமும் பேசவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் எல்லாம் நடந்து, அவனுக்குப் பத்து வருஷம் கிடைத்தது.

இப்போது அக்காள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். காலை ஒடித்து அனுப்பவேண்டும் என்று இளவட்டங்கள் குதித்தார்கள். "அதான் தண்டனைய அனுபவிச்சுட்டானேப்பா, அவனும் சோறு திங்க வேணாமா?" என்றார் ஒருவர். பெண்கள் வெளியே நின்று கேட்டார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, பிள்ளை பெறாத ஆண்களல்லவா பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்யவேண்டும்!

கடைசியில் பழனியப்பன் கங்காணி எழுந்தார். "நம்ம தோட்டத்துல வேணாம். கோலா தெர்லா பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் கேக்குறாங்க, அங்க அனுப்பிடுவோம். ஏன் எதுக்குன்னு யாரும் வெளிய பேசப்படாது. நம்ம தோட்டத்துப் பேரு கெடும். அந்தப் புள்ள பேரும் கெடும்."

அத்தனை பேருக்கும் பாரம் இறங்கியது. நல்ல வேலைக்காரன் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் சீட்டே எழுதிக் கொடுத்தார். வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் தள்ளிவிட்டுக் கை கழுவுகிற புத்திதான், வேறென்ன?

சிவசாமி போகும் இடத்துப் பிள்ளைகள்தான் மணியம்மாவின் கண்ணுக்குள் நின்றார்கள். அந்தத் தோட்டத்துக் கொட்டாயில் ஆயாவாக இருந்த அம்மாக்கண்ணு அவளுக்கு நெடுநாள் பழக்கம். மாதம் ஒருநாள் எல்லாத் தோட்டத்து ஆயாக்களும் ஆஸ்பத்திரிக்குப் பால்மாவு டின் வாங்க வருவார்கள், அங்கே பார்த்துக்கொள்வார்கள். இந்த மாதம் பார்த்ததும் சொல்லிவிடுவது என்று மணியம்மா இருந்தாள்.

அதற்குள் செல்லாயி வந்துவிட்டாள். மகள் ஜெயாவுக்குப் பரிசம் போட்டாயிற்று. மாப்பிள்ளை நாகப்பன் லோரி ஓட்டுகிறவன், அவனும் அதே கோலா தெர்லா பக்கத்துத் தோட்டத்துக்காரன்.

"ஒன் வாயி எனக்குத் தெரியும்க்கா. அவனப் பத்திச் சொன்னா, யாரு அந்தப் புள்ளன்னுதான் மொதல்ல கேப்பாங்க. தைப்பூசம் கழிஞ்சு கல்யாணம். அதுவரைக்கும் பேசாம இரு."

"அங்கயும் புள்ளைங்க இருக்கே செல்லாயி."

"அன்னைக்கு எம்மவள அனுப்பி வச்சது நீதானே? இன்னைக்காச்சும் அவளக் காப்பாத்து."

கல்யாணம்வரை பேசுவதில்லை என்று மணியம்மா தலையாட்டினாள்.

முதல் பால்மாவு நாளில் அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டே வந்தாள். "எங்க தோட்டத்துக்குப் புதுசா ஒருத்தரு வந்திருக்காரு. தங்கமான மனுஷன் லா! கேக்காமலே வெறகு பொளந்து போடுறாரு." மணியம்மா டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை வலிக்கிறது என்று திரும்பிவிட்டாள். அடுத்த மாதம், "புள்ளைங்க மாமா மாமான்னு அவரு பின்னாலயே ஓடுதுங்க" என்றாள் அம்மாக்கண்ணு. மணியம்மா அன்றும் பேசவில்லை. ஒரு பிள்ளையின் சிலிப்பரைப் பார்த்தால்கூட அழுகை வந்தது.

ஜெயா இப்போது கொழுந்து பறிக்கிறாள். ஒரு சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு நேரே கொட்டாய்க்கு வந்தாள்.

"அவன் எந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கான் ஆயா?"

மணியம்மா தோட்டத்தின் பேரைச் சொன்னாள்.

"எனக்காகத்தான் எல்லாரும் வாய மூடிகிட்டு இருக்கீங்களாம். என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

"கல்யாணம் இருக்கேடி ஜெயா..."

"அங்க கொட்டாயில எத்தன புள்ளைங்க?"

"இருவத்திரெண்டு."

"அப்ப சொல்லிடுங்க ஆயா. நான் அழ மாட்டேன்" என்றாள் ஜெயா. சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த பால்மாவு நாள்வரை மணியம்மா காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே கொட்டாயை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, கிராணியிடம் கேட்காமல், காய்கறி லோரி ஒன்றில் ஏறி கோலா தெர்லாவில் இறங்கினாள். அங்கிருந்து தோட்டம்வரை நடை. அம்மாக்கண்ணுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதும் அம்மாக்கண்ணு இருபத்திரண்டு தலைகளையும் எண்ணினாள். பிறகு, செல்லாயி பயந்த கேள்வியையே கேட்டாள்.

"யாரு வூட்டுப் புள்ள அது?"

"எங் கொட்டாய்ப் புள்ள. நாந்தான் அனுப்பி வச்சேன்" என்றாள் மணியம்மா.

அம்மாக்கண்ணு அதோடு விட்டுவிட்டாள். ஊர் விடுமா? ஒரே வாரத்தில் துருவிக் கண்டுபிடித்தது. பரிசப் புடவையைத் திருப்பிக் கேட்டு நாகப்பன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஜெயாவே மடித்து எடுத்துக் கொடுத்தாள். செல்லாயி அதற்கப்புறம் மணியம்மாவின் முகத்தில் விழிக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களில் பாதிப் பேர், வேலியைத் தாண்டிப் பேசிவிட்டவள் என்று முகம் கொடுக்காமல் போனார்கள்.

சிவசாமியை அந்தத் தோட்டத்துக்காரர்களும் அடித்து விரட்டினார்கள். அவர்களும், ஏன் எதற்கு என்று வெளியே சொல்லவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் யாரும் பிரியப்படவில்லை.

மணியம்மா மட்டும் ஒவ்வொரு பால்மாவு நாளிலும் ஆயாக்களை வரிசையாகக் கேட்டாள். "ஒங்க கொட்டாய்க்குப் புதுசா யாராச்சும் வெறகு பொளக்க வர்றாங்களா?" நடந்ததை அறியாத ஆயாக்கள், கிழவிக்கு விறகுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

1986-இல் ஒருநாள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆயா சிரிக்கவில்லை.

"எப்படிக்கா தெரியும்? ரெண்டு மாசமா ஒருத்தரு வந்து பொளந்து போடுறாரே" என்றாள்.

மணியம்மா பால்மாவு டின்னைக் கீழே வைத்தாள். அத்தனை ஆயாக்களுக்கும் கேட்கும்படி, அவன் பேரைச் சொல்லித் தொடங்கினாள்.